விலைப் புணர்ச்சி: தோன்றல், திரிதல், கெடுதல் – ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

வெளிநாட்டு இணையக் கடையில் படத்துக்குக் கீழே போட்டிருக்கும் விலைக்கும், அந்தப் பொருள் நம் வாசற்படி ஏறும்போது நாம் கொடுத்து முடித்திருக்கும் தொகைக்கும் என்ன உறவு? இந்தக் கேள்வியை வீட்டில் இருப்பவர்கள் கேட்பதுண்டு, பல்கலைக்கழகங்கள் கேட்பதில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

நிலைமொழியோடு வருமொழி சேரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்கள் நேரலாம் என்பது பள்ளியில் படித்ததுதான். இங்கே திரையில் தெரியும் விலை நிலைமொழி. வாங்குபவரின் வீட்டு முகவரி வருமொழி. இவ்விரண்டும் ஒருபோதும் இயல்பாகப் புணர்வதில்லை என்பதே நமது கருதுகோள்.

ஆய்வு எல்லை: இந்தியாவில் இருந்துகொண்டு, சொந்த உபயோகத்துக்கு, டாலர் விலையில், கார்டு போட்டு வாங்குவோர் மட்டும். இறக்குமதி வியாபாரிகள் ஆடிட்டர் வைத்திருப்பதால் விலக்கப்பட்டனர்.

முன்னோர் மரபு

இத்துறை நேற்று முளைத்ததன்று. கடல்வழி வந்த சரக்கும் போகும் சரக்கும் காவிரிப்பூம்பட்டினத்தில் புலி முத்திரை வாங்கிய பிறகே நகர்ந்தன என்பதற்குப் பட்டினப்பாலை சான்று. வியன்னாவில் உள்ள முசிறி பாப்பிரஸ் இன்னும் தெளிவு. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கிரேக்க ஆவணம் 1985இல் வெளியிடப்பட்டது. சேர நாட்டு முசிறியிலிருந்து ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலில் ஏறிய யானைத் தந்தமும் சடாமாஞ்சிலும் செங்கடல் கடந்து, ஒட்டகம் ஏறி, நைல் நதி வழியே அலெக்சாண்டிரியா போய்ச் சேரும் செலவும் பொறுப்பும் யாருடையவை என்பதை அது முன்கூட்டியே எழுதி வைத்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் 25% வரி. தொகை பெரிதுதான், ஆனால் கப்பல் புறப்படும்போதே எல்லோருக்கும் தெரிந்த தொகை. இன்றைய இணையக் கடைகள் எட்டாத நாகரிகம் இது.

முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் புகழ்பெற்றான். அவன் தவிர்த்தது எந்தச் சுங்கம் என்பதைக் கல்வெட்டு அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இன்று இறக்குமதிக்கு விழும் ஐ.ஜி.எஸ்.டி. வரி அதில் அடங்காது என்பது மட்டும் திண்ணம்.

தோன்றல்

முன்பு இல்லாத ஒன்று நடுவில் வந்து நிற்பது தோன்றல். அதில் முதலாவது ஷிப்பிங். முகவரி, பின்கோடு, கைபேசி எண் எல்லாம் கொடுத்து, மனத்தளவில் பொருளைச் சொந்தமாக்கிக்கொண்ட பிறகே இது தோன்றும். அதற்கு முன் தோன்றினால் வாங்குபவர் மறைந்துவிடுவார் என்பது விற்பவருக்குத் தெரியும்.

இதன் அளவைத் தராசு தீர்மானிப்பதில்லை. பன்னாட்டு எக்ஸ்பிரஸ் கூரியர்களின் வழக்கமான சூத்திரம்: பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்க வேண்டும். வருவது பரும எடை. இதிலும் நிஜ எடையிலும் எது அதிகமோ அதற்கே கட்டணம். 60, 40, 30 அளவுள்ள அட்டைப்பெட்டியில் ஒரு தலையணையை அனுப்பினால், தராசில் அது ஒரு கிலோ. கூரியர் கணக்கில் 14.4 கிலோ. மீதி 13.4 கிலோவும் காற்று. விமானத்தில் இடம்தான் விற்பனைப் பொருள் என்பதால் இந்தக் கணக்கில் தவறில்லை. தலையணையை உள்ளூரில் வாங்க வேண்டும் என்ற பாடம் மட்டும் மிஞ்சுகிறது.

இரண்டாவது தோன்றல் சுங்கம். 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின்படி, பொருளின் விலையோடு போக்குவரத்தும் காப்பீடும் சேர்ந்ததே சுங்க மதிப்பு. போக்குவரத்துச் செலவு தெரியாவிட்டால் பொருள் விலையில் 20%, காப்பீடு தெரியாவிட்டால் 1.125% என்று வைத்துக்கொள்வார்கள். வான்வழி வந்த சரக்குக்கு, நிஜச் செலவு எவ்வளவு ஆனாலும் 20%க்கு மேல் சேர்ப்பதில்லை. இந்த ஆய்வில் தட்டுப்பட்ட ஒரே கருணை இதுதான், பதிவு செய்கிறோம்.

அதன் பிறகு வருவது அடுக்குத்தொடர். மதிப்பின் மேல் அடிப்படைச் சுங்கவரி. அந்த வரியின் மேல் 10% சமூக நல சர்சார்ஜ். மதிப்பு, வரி, சர்சார்ஜ் மூன்றையும் கூட்டி அதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. சுங்கவரி 10%, ஐ.ஜி.எஸ்.டி. 18% என்று கொண்டால், பள்ளிக்கூடக் கணக்கில் 28. சுங்கக் கணக்கில் 30.98.

மூன்றாவது தோன்றலை உரையாசிரியர்கள் கவனிக்கத் தவறுவார்கள். வரியை நம் சார்பில் கூரியர் முன்பணமாகக் கட்டும். கட்டிய உதவிக்குக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்துக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு. அதாவது, வரி கட்டிய சேவைக்கு வரி.

திரிதல்

ஒன்று வேறொன்றாக மாறுவது திரிதல். இங்கே திரிவது டாலர். ஒரே பார்சலுக்குள் அது மூன்று வடிவம் எடுக்கிறது. காலைப் பேப்பரில் வரும் டாலர் முதலாவது. யாருக்கும் அந்த விலையில் கிடைக்காது. கார்டு நெட்வொர்க்கின் டாலர் இரண்டாவது. நாம் வாங்கிய நாளின் மதிப்பன்று, கணக்கு தீர்க்கப்படும் நாளின் மதிப்பு. சுங்கத் துறையின் டாலர் மூன்றாவது. இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று என்று அறிவிப்பார்கள். இறக்குமதி டாலர்தான் விலை கூடியது. நாம் எப்போதும் இறக்குமதிப் பக்கம்தான் நிற்போம்.

இரண்டாம் வடிவத்தின் மேல் வங்கி தன் மார்க்-அப் வைக்கிறது. இந்தியக் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் இது 3.5%. அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 4.13%. ஸ்டேட்மென்டில் இது தனி வரியாக, வேறு தேதியில், வேறு பக்கத்தில் வரும் வழக்கமும் உண்டு. வாங்கியவர் அதை வேறு ஏதோ செலவு என்று எண்ணிக் கடந்துபோவார்.

‘ரூபாயிலேயே செலுத்த விருப்பமா?’ என்று சில தளங்கள் அன்போடு கேட்கும். நாட்டுப்பற்று காரணமாக ‘ஆம்’ என்போர் பலர். அப்போது மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது கடைக்காரர் தரப்பு. அதில் அவர்கள் லாபமும் உள்ளே இருக்கும். போதாததற்கு, வெளிநாட்டில் பதிவான கடைக்கு ரூபாயில் கொடுத்தாலும் சுமார் 1% பிடிக்கும் இந்திய வங்கிகள் இருக்கின்றன. டாலரைத் தவிர்க்கப் போனவர், ரூபாய் கொடுத்ததற்கும் தண்டம் அழுகிறார்.

கெடுதல்

இருந்தது இல்லாமல் போவது கெடுதல். பொருள் சரியில்லை என்று திருப்பி அனுப்பும்போது இது நிகழும். பணம் திரும்பி வரும் நாளின் மாற்று விகிதம் வேறு. வங்கி எடுத்த மார்க்-அப் பொதுவாகத் திரும்பாது. வந்த ஷிப்பிங்கும் அப்படியே. போகிற ஷிப்பிங் நம் செலவு. பொருளின் முழு விலையும் திருப்பித் தரப்பட்டது என்று கடையிலிருந்து மின்னஞ்சல் வரும். டாலரில் அது உண்மை.

களஆய்வு

20 டாலர் பொருள், 15 டாலர் ஷிப்பிங், கணக்கு எளிதாக இருக்க டாலர் 90 ரூபாய் என்று கொள்வோம். கார்டில் 3,150, மார்க்-அப்பும் அதன் ஜி.எஸ்.டி.யும் 130. பொருள் விலையோடு மேற்சொன்ன 20%, 1.125% சேர்த்துச் சுங்க மதிப்பு 2,180. வரிகள் மேற்சொன்ன 30.98% வீதம் 675. கூரியர் கட்டணம் 500, அதற்கு ஜி.எஸ்.டி. 90 என்றால் ஆகமொத்தம் 4,545. திரையில் பார்த்த 1,800க்கு இரண்டரை மடங்கு. இதன் கடைசிப் பகுதி வாசலில் நடைபெறும்:

“சார், டூட்டி ஆயிரத்து இருநூத்தி அறுபத்தஞ்சு கட்டணும்.”

“எல்லாம் கட்டியாச்சே தம்பி?”

“அது அவங்களுக்கு சார். இது இவங்களுக்கு.”

“இவங்கன்னா யாருப்பா?”

“பில்லுல இருக்கு சார். ஜிபே பண்றீங்களா?”

அந்தப் பையனுக்கு இதில் ஒரு பைசா இல்லை. ஆனாலும் மூன்று நாட்டு நிறுவனங்கள் மீது எழவேண்டிய கோபத்தை நேரில் வாங்கிக்கொள்ளும் பணி அவனுடையது. இக்கோபத்துக்கு மட்டும் ஏனோ தனிக் கட்டணம் இல்லை.

புறனடை

மேற்கண்ட விதிகளிலிருந்து தப்ப, ‘அன்பளிப்பு என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள்’ என்று அக்கம்பக்கத்து அறிஞர்கள் வழி சொல்வர். நியூஜெர்சியில் இருக்கும் அத்தை மகனுக்கும் போன் போகும். இந்த வழி 2019 டிசம்பரில் அடைபட்டது. அஞ்சலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்ற பெயரில் பொருள் வரி கட்டாமல் வருவதை அரசு தடைசெய்தது. விலக்கு இரண்டுக்கு மட்டும்: உயிர்காக்கும் மருந்து, ராக்கி. ராக்கிக் கயிறு வரலாம். கூட வைத்த பரிசு வரி கட்டாமல் வரக்கூடாது. பாசத்துக்கும் பொருளுக்கும் இவ்வளவு துல்லியமாகக் கோடு கிழித்த இலக்கணம் வேறொன்று இல்லை.

பிற நாடுகளிலும் சிறு பார்சலுக்கான சலுகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன. ஆஸ்திரேலியா 2018இல், ஐரோப்பிய ஒன்றியம் 2021இல், சிங்கப்பூர் 2023இல், மலேசியா 2024இல் சிறு பார்சல்கள் மேல் வரி போட்டன. 800 டாலர் வரை வரியில்லாமல் விட்ட அமெரிக்காவும் 2025 ஆகஸ்ட் 29 முதல் அதை நிறுத்தியது.

முடிவுகள்

நமது கருதுகோள் நிறுவப்பட்டது. அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு: இத்தொடரில் குற்றவாளி யாரும் இல்லை. கடைக்காரர் விலை சரி. விமானத்தில் இடத்துக்குக் காசு சரி. வங்கி தன் விகிதத்தை நிபந்தனைகளில் எழுதித்தான் வைத்திருக்கிறது. அரசு சட்டப்படி வாங்குகிறது. கூரியர் பில் கொடுக்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் வரியில் நியாயமானவர்கள், கூட்டுத்தொகைதான் அநியாயம். கூட்டுத்தொகைக்கோ புகார்ப்பிரிவு கிடையாது.

பரிந்துரைகள் மூன்று. சுங்கவரியைக் கடைக்காரரே முன்கூட்டி வசூலிக்கிறாரா என்று பார்க்கவும். மார்க்-அப் இல்லாத கார்டு இருந்தால் அதைப் பயன்படுத்தி, டாலரிலேயே செலுத்தவும். திரை விலையை இரண்டரையால் பெருக்கிய பின்பும் ஆசை மிஞ்சினால் மட்டும் வாங்கவும்.

மேலாய்வுக்குரிய தலைப்புகள்: ‘இலவச ஷிப்பிங்’ என்னும் தொன்மம், கையாளும் கட்டணம் வாங்கியோர் கையாண்டது யாரை, பார்சல் வந்த நாளில் பொருளின் விலையைக் குடும்பத்தாரிடம் குறைத்துச் சொல்லும் மரபு. இவற்றில் ஆய்வு செய்ய முன்வருவோர், தேவையான நூல்களை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்வது நலம்.