செக்ரோலில் இல்லாத கணக்கப்பிள்ளை

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கு ஆள் ஒரு படி உண்டு. உச்சியில் பெரியதுரை. அப்புறம் சின்னதுரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி. அதற்கும் கீழே கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் தூக்குகிற மற்ற எல்லோரும். எதிரே வருகிறவரைக் கண்டதும் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுகிற வேகத்திலேயே யார் எந்தப் படி என்று தெரிந்துவிடும். இந்த வரிசையில் எங்கேயும் சேராமல், எல்லாரையும் மேற்பார்வை பார்க்கிற பேர்வழி ஒருவர் இருக்கிறார். அவர்தான் தவறணை நாய்.

பசறை, நமுனுகுல, மடுல்சீமை, ஹாலிஎல என்று எந்தப் பக்கம் போனாலும் கன்று வளர்க்கிற தவறணை ஒன்று கண்ணில் படும். தவறணை இருந்தால் இவரும் இருப்பார். செம்மண் நிறத்தில் நடுத்தர உடம்பு, ஒரு காது நிமிர்ந்தும் மறு காது பாதி மடிந்தும் இருக்கும். பெயர் பெரும்பாலும் டைகர், ஜிம்மி, மணி. மாற்றலாகிப் போன துரை ஒருவரின் பெயரை வைத்துவிடுகிற தோட்டங்களும் உண்டு. அது பாசத்தால் வைத்த பெயரா, வேறு காரணத்தாலா என்பது, அந்தப் பெயரைச் சொல்லி, "போடா அங்குட்டு!" என்று அதட்டும்போது பெண்கள் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்த்தால் விளங்கும்.

தோட்டத்து நாய்களில் இவர் தனி இனம். பங்களா நாய்க்குச் சாதி உண்டு, மருந்துச் சீட்டு உண்டு, சாப்பாட்டுக்கு மணி உண்டு. லயத்து நாய்க்கு ஒரு வாசற்படியும், பக்கத்து வாசலோடு ஒரு பரம்பரைப் பகையும் உண்டு. தவறணை நாய்க்கு இவற்றில் எதுவும் கிடையாது. ஆனால் அந்த மடிந்த காதைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1848-ல் நுவரெலியாவில் குடியேற வந்தபோது இங்கிலாந்திலிருந்து ஒரு வேட்டைநாய்ப் பட்டாளத்தையே கப்பலில் கூட்டி வந்தார். அவற்றை வைத்து மரை வேட்டையாடிய கதையை 1854-ல் புத்தகமாகவும் போட்டார். பட்டாளத்தில் ஒன்றிரண்டு எஜமானுக்குத் தெரியாமல் ஊவாப் பக்கம் இறங்கிச் சம்பந்தம் வைத்திருக்காதா? நம்மவர் அதை உறுதிப்படுத்தவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார்.

இவரை யாரும் வேலைக்கு வைத்ததில்லை. தவறணை வேலைக்குப் போகிற ஒரு அக்காவின் சாப்பாட்டுப் பையைத் தொடர்ந்து வந்தார், தங்கிவிட்டார். அவ்வளவுதான் நியமனம். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் இவருடைய மூளை தெரிகிறது. கொழுந்து மலையில் பெண்கள் நின்றபடி சரிவில் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், பின்னால் போனால் அட்டைதான் கடிக்கும். தவறணையில் அப்படியில்லை. சலித்த மண்ணைச் சின்னப் பாலித்தீன் பைகளில் நிரப்புகிற வேலை. உட்கார்ந்து செய்வது, நிழலில் செய்வது, பேசிக்கொண்டே செய்வது. உட்கார்ந்தவர்கள் மடியிலிருந்துதான் தேங்காய் ரொட்டி நன்றாகச் சிந்தும். இடிச்ச சம்பல் மட்டும் இவருக்கு ஆகாது. ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் தலையை விட்டதோடு சரி.

காலையில் பெரட்டுக்கு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். கணக்கப்பிள்ளை செக்ரோலைத் திறந்து பெயர் கூப்பிடும்போது அவருக்குப் பக்கத்தில், ஆட்களைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துகொள்வார். பிந்தி வருகிறவரைப் பார்த்து ஒரே ஒரு குரைப்பு. கணக்கப்பிள்ளை அரைப்பேரா முழுப்பேரா என்று முடிவு செய்வதற்குள் இவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். "ஐயா எழுதுறாரோ இல்லியோ, இவரு எழுதிட்டாரு" என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். இத்தனைக்கும் அந்தச் செக்ரோலில் இவர் பெயர் இல்லை. நாட்கூலி ஆயிரம் ரூபா வேண்டுமென்று மலையகம் வருஷக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் 2021-ல் வர்த்தமானியில் வந்தது. அதற்காகக் கத்தியவர்களில் இவரும் ஒருவர். பலனில் மட்டும் பங்கில்லை.

தவறணை வேலை நுட்பமான வேலை. தாய்ச்செடியிலிருந்து ஒரு இலையும் ஒரு கணுவுமாகத் தண்டை வெட்டி, பைக்கு ஒன்றாக நட்டு, நன்றாகத் தண்ணீர் காட்டி, மேலே பாலித்தீன் கூடாரத்தை இழுத்து ஓரத்தை மண்ணால் அடைத்துவிடுவார்கள். பல வாரம் திறக்கவே கூடாது. உள்ளே ஈரமும் வெப்பமும் தங்கினால்தான் வேர் விடும். வேர்விட்ட கன்றை மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கி, மலைக்கு அனுப்ப ஒன்பது மாதமாவது செல்லும்.

திறக்கக் கூடாது என்பது மனிதருக்குச் சொன்னது. மார்கழிக் குளிரில், நமுனுகுல மலையிலிருந்து காற்று இறங்குகிற இரவில், தோட்டத்திலேயே கதகதப்பான இடம் எது என்று இவர் கண்டுபிடித்துவிட்டார். விடியற்காலையில் தண்ணீர்க்காரர் போய்ப் பார்த்தால், மூன்றாவது பாத்தியின் கூடாரம் மூச்சு விடுகிறது. உள்பக்கம் முழுக்க நீராவி, எதுவும் தெரியவில்லை. பாலித்தீன் ஏறுகிறது, இறங்குகிறது. அவர் ஓடிப்போய்க் கங்காணியைக் கூட்டிவர, கங்காணி தூரத்தில் நின்றே பாம்பு என்றார். பாம்புக்கு இத்தனை பெரிய மூச்சா என்று யாரோ கேட்டதும் சிறுத்தை என்று மாற்றிக்கொண்டார். கணக்கப்பிள்ளை வந்தார், கண்டக்டருக்கு ஆள் போனது, ஆளுக்கொரு மண் கிளறும் முள்ளும் மண்வெட்டியுமாகச் சுற்றி நின்றார்கள். அந்த நேரத்தில் மேட்டு லயத்தில் யாரோ ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. கூடாரம் எழுந்து நின்றது. ஓரத்தைக் கிழித்துக்கொண்டு இவர் வெளியே வந்து, இரண்டு முன்காலையும் நீட்டிச் சோம்பல் முறித்து, கூட்டத்தைப் பார்த்து, பெரட்டு இன்றைக்கு இங்கேயா என்பதுபோல் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

நசுங்கிய கன்றுகளுக்குக் கணக்கு எழுத வேண்டுமே. கணக்கப்பிள்ளை யோசித்து, "வட்டப்புழுத் தாக்கம்" என்று எழுதினார். நம்பக்கூடிய காரணம்தான், ஊவா மண்ணில் வேரைத் தின்னும் வட்டப்புழு நிஜமாகவே பெரிய தொல்லை. தேயிலை ஆராய்ச்சி நிலையமான டீஆர்ஐக்குப் பசறையில் ஒரு கிளை வைத்திருப்பது இப்படிப்பட்ட உள்ளூர்ப் பிரச்சினைகளைப் பார்க்கத்தான். அங்கிருந்து வந்து பார்த்த ஆலோசகர் வேரைப் பிடுங்கினார், கழுவினார், தடவினார். வேரில் ஒரு வடுவும் இல்லை. பாத்தியின் நடுவில் மட்டும் வட்டமாக ஒரு பள்ளம், அதில் செம்மண் நிற மயிர். "புழு கொஞ்சம் பெருசு போல" என்று சொல்லிவிட்டுச் சாயம் குடிக்கப் போனார். அவர் காலடியில் சந்தேகநபரும் கூடவே போனார்.

ராக்காவல்தான் இவருடைய உத்தியோகபூர்வப் பெருமை. மண்புழுவுக்காகப் பாத்தியை உழுகிற காட்டுப்பன்றி வந்தால், குரைத்து ஊரைக் கூட்டுவார். கூட்டுவது எங்கே நின்றுகொண்டு என்று கேட்கக் கூடாது. முள்ளம்பன்றி வந்தால் குரல் இன்னும் கொஞ்சம் பின்னாலிருந்து வரும். மூக்கில் முள் குத்திய அனுபவம் இருக்கிறது. சிறுத்தை வருகிற இரவில் சத்தமே இருக்காது. மலைநாட்டுச் சிறுத்தைக்கு நாய் என்றால் தனி ருசி. அது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், இவருக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் தவறணையை ஆண்டவன் பொறுப்பில் விட்டுவிட்டு, லயத்து வாசலில் ஒரு குடும்பத்தோடு உறவு கொண்டாடுவார். காலையில் அந்த வீட்டு ஆத்தா கதவைத் திறந்து, "என்ன ராசா, ராத்திரி காவலெல்லாம் பலமா?" என்பார். இவர் வாலை ஆட்டுவார். கேள்வியில் இருந்த குத்தல் எட்டாத மாதிரி நடிப்பதில் சில தலைவர்களுக்குக்கூட இவ்வளவு தேர்ச்சி கிடையாது.

சட்டப்படி பார்த்தால் இவர் அந்தஸ்து உயர்ந்தது. விசர்நாய்க் கட்டுப்பாட்டுக்கு 1893-ல், நாய்களைப் பதிவதற்கு 1901-ல் என்று இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நம்முடைய தாத்தா பாட்டிமாரிடம் 1948-ல் குடியுரிமைச் சட்டத்தைக் காட்டி, அப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டபோது, இலட்சக்கணக்கான பேருக்குக் காட்ட ஒரு துண்டுகூட இல்லை. மிச்சமிருந்தவர்களின் கணக்குத் தீர 2003-ல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. இவருடைய இனத்திடம் அத்தாட்சி கேட்டு யாரும் படிவம் நீட்டவில்லை, இந்தியாவுக்கு அனுப்ப இவர்களை யாரும் தலைமன்னாருக்கு ரயில் ஏற்றவும் இல்லை. போனவர்களை வழியனுப்ப ஸ்டேஷன்வரை நடந்து போய்விட்டு, திரும்பி வந்து அதே லயத்தில் படுத்துக்கொண்டார்கள்.

எல்லப் பக்கத்தில் இவருக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஒன்பது வளைவுப் பாலத்தடியில் வெள்ளைக்காரர்களோடு படம் எடுத்துக்கொண்டு, பனிஸும் பிஸ்கட்டும் தின்று பீப்பாயாகிவிட்டவர்கள். ரயில் வந்தால்கூட எழும்ப மாட்டார்கள். நம்மவருக்கு அந்தப் பிழைப்பில் மரியாதை கிடையாது. தெமோதரையில் அவர்கள் இவரைக் கண்டால் குரைப்பார்கள். இவர் பதில் சொல்லாமல் ஒரு கம்பத்தில் காலைத் தூக்கிவிட்டு நடப்பார்.

காலைத் தூக்குவதும் தவறணையில் ஒரு சேவைதான். பாத்திக்குப் பாத்தி எந்த இனக் கன்று என்று சொல்லும் பலகை நட்டிருப்பார்கள். டீஆர்ஐ 2025, டீஆர்ஐ 2026 என்று அவற்றில் எழுதியிருக்கும். இவர் இனபேதம் பார்ப்பதில்லை, எல்லாப் பலகைக்கும் சமமாக வழங்குவார். 2021-ல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்து, செடியெல்லாம் மஞ்சளித்து, நவம்பரில் தடையை விலக்கிக்கொள்ளும்வரை பெரியதுரை முதல் சின்ன விவசாயி வரை யூரியா யூரியா என்று அலைந்தார்கள். அந்த மாதங்களில் வழங்கல் தடைப்படாத ஒரே இடம் இந்தப் பலகைகளின் அடி.

ஐப்பசி மழை பிடித்ததும் கன்றுகள் மலைக்குப் போகத் தொடங்கும். சிறுதோட்டக்காரர்களும் லொறி பிடித்துக்கொண்டு வாங்க வருவார்கள். கணக்கப்பிள்ளை பைகளை எண்ணுவார், கண்டக்டர் கையெழுத்துப் போடுவார், ரசீது கிழியும். இவர் அதுவரை கேட்டருகே பொறுமையாக உட்கார்ந்திருப்பார். லொறி கிளம்ப இன்ஜின் உறுமியதும் எழுந்து போய்ப் பின்சக்கரத்தை முகர்ந்து பார்த்துக் காலைத் தூக்குவார். அவசரக்கார டிரைவர் ஒருவர் இதற்குக் காத்திராமல் வண்டியை எடுத்துவிட்டார். இவர் இரண்டு வளைவுவரை துரத்திக்கொண்டு போய், நிறுத்தவைத்து, சக்கரத்தில் வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். இப்போது டிரைவர்களே கேட்டில் நிறுத்தி, "என்னா ஐயா, போகலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கியரைப் போடுகிறார்கள்.