கிள்ளும் கை, ஆட்டும் கை

கேள்வி: மது விற்கும் அரசே குடிநோய்க்கும் மனநோய்க்கும் சிகிச்சை தருகிறதே, முரண் இல்லையா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டுவது இதுதான். ஆனால் கிள்ள ஊருக்கு ஊர் கை இருக்கிறது. ஆட்டத்தான் ஆள் குறைவு.

டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கும். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவோ பெரும்பாலும் நண்பகலோடு முடிந்துவிடும். எவ்வளவு பொருத்தமான ஷிப்ட் முறை!

2023-24இல் மது தந்த வரி 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் நூற்றுக்கு ஒரு ரூபாயைக் குடிநோய், மனநல சிகிச்சைக்கென்றே எடுத்துவைத்தாலும் ஆண்டுக்கு 450 கோடி தேறும். இலவச மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது. அதைப் பாட்டில் லேபிளில் பெரிதாக அச்சடிக்கலாம். விளம்பரத்துக்கு அதைவிட நல்ல இடம் ஏது?