ஒரு பெட்டியும் ஒரு கும்பலும்

பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நாலைந்து பேர் கூடி நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். அவர்களிடம் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் காருக்குள்ளும் இன்னொன்று பழைய லேப்டாப்புக்கும் போகும். ஓய்வுபெற்ற மின்வாரிய இன்ஜினியர், பள்ளிக்கூட டீச்சர், டாக்ஸி ஓட்டும் தம்பி என்று பார்க்க ரொம்ப சாதுவாகத்தான் தெரிவார்கள். ஏமாந்துவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய காருக்கு என்ன கோளாறு என்று தாங்களே தெரிந்துகொள்ளும் படுபாதகத்தில் ஈடுபட்டிருக்கிறார்கள்.

ஒழுக்கமான குடிமகன் இப்படியெல்லாம் செய்யமாட்டான். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் கம்பெனி சர்வீஸுக்குப் போவான். ஏசி அறையில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப்புறம் அவனுடைய கார் நிற்கும். ‘வாடிக்கையாளர்களுக்கு அனுமதி இல்லை’ என்று போர்டும் நிற்கும்.

“ஸ்கேன் போட்டுப் பார்த்தோம் சார். சென்சார் போயிருக்கு.”

“எந்த சென்சார்?”

“அது அசெம்பிளியாத்தான் வரும் சார்.”

“எரர் கோடு என்னன்னு வந்துச்சு?”

“லோக்கல்ல ஏதாவது கை வெச்சிட்டீங்களா சார்?”

இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுபவனே நல்ல குடிமகன். ஸ்கேனுக்குத் தனியாகப் பணம் கட்டுவான். ஸ்கேனில் வந்தது என்ன என்பதை அவனுக்குச் சொல்லமாட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கக் காசு வாங்கிக்கொண்டு, படத்தைக் காட்டமாட்டேன் என்று சொல்லும் டாக்டரை இந்த ஊரில் சும்மா விட்டிருப்போமா? காருக்கு மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். இதில் அந்த சர்வீஸ் அட்வைசர் பையனைத் திட்டிப் பயனில்லை. மாதம் இத்தனை அசெம்பிளி விற்றாக வேண்டும் என்று அவன் தலையில் டார்கெட் கட்டியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் கார் ஊமையில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனை கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கிறது. எங்கே வலிக்கிறது என்று கார் சொல்வதெல்லாம் அந்த வழியாகத்தான். அதைக் கம்பெனிகள் மனமுவந்து வைத்துவிடவில்லை. புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டு, 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் கட்டாயமாக்கிய பிறகுதான் எல்லாக் கார்களிலும் ஒரே வடிவில் வந்தது. இந்தியாவில் 2010-க்குப் பிறகு படிப்படியாகக் கட்டாயமானது.

சட்டம் கேட்டது புகையை. கம்பெனி திறந்ததும் புகை வரைக்கும்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால் இன்ஜின் சம்பந்தப்பட்ட பொதுக் கோடுகள் வரும். பிரேக், ஏர்பேக், ஸ்டியரிங், சாவி என்று உயிரும் காசும் சம்பந்தப்பட்ட சங்கதிகளைக் கார் கம்பெனியின் ரகசிய பாஷையில்தான் பேசும். அந்த பாஷை தெரிந்த கருவி டீலரிடம் இருக்கும். சாக்கெட் உங்களுடையது, கார் உங்களுடையது, மாதத் தவணை நிச்சயமாக உங்களுடையது. பேச்சு மட்டும் டீலருக்கு.

கேட்பதோடு முடிந்தாலும் பரவாயில்லை. இன்றைய காரில் பல வேலைகள் ஸ்பேனரோடு முடிவதில்லை. டீசல் வண்டியில் இன்ஜெக்டர் மாற்றினால், அதன் தலையில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுத்தையும் காரின் கம்ப்யூட்டரான ஈசியூவில் ஏற்ற வேண்டும். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள பல கார்களில் பின் பிரேக் பேடு மாற்றும் முன் அந்த மோட்டாரைப் பின்வாங்கச் சொல்லி ஆணையிட வேண்டும். தெருமுனை மெக்கானிக் அரை நாள் குனிந்து நிமிர்ந்து எல்லா வேலையையும் முடித்திருப்பார். மிச்சம் இருப்பது ஐந்து நிமிடம் பட்டன் தட்டுவது. அதற்காக வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு டீலர் வாசலுக்குப் போக வேண்டும். அங்கே முதல் கேள்வி: “லோக்கல்ல கை வெச்சிட்டீங்களா சார்?”

கம்பெனியே ஊரைவிட்டுப் போய்விட்டால்? செவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபியட் 2019-ல் போனது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி இக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது. ஒரகடத்தில் தயாரான டாட்சன் பிராண்டும் அதே ஆண்டில் இந்தியாவில் முடிந்தது. சர்வீஸ் தொடரும் என்று போகிறவர்கள் எல்லோரும் வாக்களிப்பார்கள். சென்னைக்காரருக்கு அது ஓரளவு பலிக்கும். புதுக்கோட்டைக்காரரும் தருமபுரிக்காரரும் ஒரு விளக்கை அணைக்க மாவட்டம் தாண்டிப் போக வேண்டும். கார் நன்றாகத்தான் ஓடுகிறது. அதன் பேச்சைக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

கும்பல் உருவானது இந்த இடத்தில்தான். ஃபோர்டுக்காரர்கள் ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளைப் பிடித்தார்கள், ஃபியட்காரர்கள் மல்டிஈசியூஸ்கேனை. இரண்டும் கார் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர்கள் எழுதியவை. டீலர் கருவி பேசும் பாஷையில் பெரும்பகுதியைப் பேசும். அதற்கும் நல்ல பெட்டி வேண்டும். ஃபோர்டில் இன்ஜின் பேசுவது 6, 14-ஆம் முனைகளில். கதவு, டேஷ்போர்டு, ஏசி வகையறா பல மாடல்களில் 3, 11-ஆம் முனைகளில். மலிவு அடாப்டர் முதல் ஜோடியை மட்டும்தான் கேட்கும். அதன் மேல் ஒட்டியிருக்கும் வெர்ஷன் நம்பரும் பெரும்பாலும் பொய். ஆகவே நாலு பேர் காசு போட்டு ஒரு நல்ல பெட்டி வாங்கி, வீடு வீடாகக் கைமாற்றிக்கொள்கிறார்கள்.

இந்தக் குற்றவாளிகளுக்குச் சட்டதிட்டம் வேறு உண்டு. பெட்டியோடு ஒரு லாங் சைஸ் நோட்டும் பயணம் செய்யும். யார் வாங்கியது, எந்த வண்டி, ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு, என்ன கோடு வந்தது, என்ன செய்தோம் என்று எழுதாமல் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஈசியூவில் புதிதாக எதையும் எழுதும் முன் பழையதைப் பென் டிரைவில் சேமித்தாக வேண்டும். எழுதும்போது பேட்டரிக்கு சார்ஜர் போட்டிருக்க வேண்டும். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ செத்துப்போகலாம். புதியவர்கள் படிக்க மட்டும் செய்யலாம். எழுதப் பழகியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓடோமீட்டரைத் தொடக் கூடாது. ஏர்பேக் பக்கம் விளையாடக் கூடாது. அந்தப் பழைய லேப்டாப்பை இன்டர்நெட் பக்கமே விடுவதில்லை, விட்டால் ஏதாவது அப்டேட் ஆகி எல்லாம் படுத்துவிடும் என்று பயம். வளைந்த முனையை நிமிர்த்த, தேய்ந்த கேபிளை மாற்ற, பொதுவில் ஓர் உண்டியல். கம்பெனி சர்வீஸில் இத்தனை கறாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கேதான் நமக்கு அனுமதி இல்லையே.

தாம்பரம் பக்கத்தில் நடந்த ஒரு குற்றத்தைச் சொல்கிறேன். டீச்சரின் இக்கோஸ்போர்ட்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. அங்கீகாரம் பெற்ற ஒரு பட்டறையில் ஏபிஎஸ் மாடியூலையே மாற்றச் சொல்லி, அவருடைய மாதச் சம்பளத்தைத் தாண்டும் எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். பெட்டியைச் செருகியதும் கார் சொன்னது: பின் இடது சக்கரத்து வேக சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை. மின்வாரியக்காரர் அந்தச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். சென்சார் வயரின் கனெக்டரைப் பிடுங்கினால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. வெள்ளத்தில் போன வண்டி. பழைய டூத் பிரஷ், கொஞ்சம் கான்டாக்ட் கிளீனர். மாட்டி, கோடை அழித்து, தெருவில் ஒரு சுற்று ஓட்டினார்கள். விளக்கு வரவில்லை.

“அப்ப அந்த மாடியூல்?” என்றார் டீச்சர்.

“மாடியூல் நல்லாத்தான் இருக்கும்மா. அவங்களுக்கு மாசக் கடைசியா இருந்திருக்கும்” என்றார் மின்வாரியக்காரர், நோட்டில் எழுதிக்கொண்டே.

இதையெல்லாம் கேட்பார் இல்லையா என்று நினைப்பவர்களுக்கு: கேட்டார்கள். 2011-ல் ஒரு தனி மனிதர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். உதிரிபாகத்தையும் பழுதறியும் கருவியையும் வெளிச் சந்தையில் விற்காமல் கம்பெனிகள் பூட்டி வைத்திருக்கின்றன என்பது புகார். வெளி மெக்கானிக்குக்குத் திறமை போதாது, பாதுகாப்புக்கு ஆபத்து, அறிவுசார் சொத்துரிமை என்று கம்பெனிகள் அடுக்கின. ஆணையம் ஏற்கவில்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று, மாருதியிலிருந்து மெர்சிடிஸ் வரை 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகமும் கருவியும் வெளிச் சந்தைக்கு வர வேண்டும் என்றது. வெளியாள் கை வைத்தாலே வாரண்டி போய்விடும் என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது.

கம்பெனிகள் பதறி ஓடிவந்து கருவியை நீட்டின என்று நினைக்கிறீர்களா? வக்கீலிடம் ஓடின. தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று வழக்கு ஆண்டுக்கணக்கில் படியேறியது. உத்தரவு வந்தபோது ஷோரூமை விட்டு வந்த புத்தம் புதுக் கார்கள் பல இதற்குள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. 2022 ஜூலையில் அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு போட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று இணையதளம் திறந்தது. குழு போட்டாயிற்று, தளமும் திறந்தாயிற்று. சர்வீஸ் சென்டர் வாசலில் ‘லோக்கல்ல கை வெச்சிட்டீங்களா’ மட்டும் மாறவில்லை. கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லாத உரிமையை வைத்துக்கொண்டு ஒரு ஃப்யூஸ்கூட மாற்ற முடியாது.

வெளிநாட்டிலும் கம்பெனிகளின் குணம் இதுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் ஒரு முறை, 2020-ல் இன்னொரு முறை, மக்கள் வாக்களித்துப் பழுதுபார்க்கும் உரிமையை வாங்கினார்கள். இரண்டாவது முறை, கார் கம்பியில்லாமல் அனுப்பும் தகவலும் சொந்தக்காரருக்கு வேண்டும் என்று முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். கம்பெனிகளின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. சில கம்பெனிகள் அந்த மாநிலத்தில் விற்கும் புதுக் கார்களில் அந்த வசதியையே அணைத்துவிட்டன. சொந்தக்காரனுக்குக் கொடுப்பதற்குப் பதில் யாருக்கும் இல்லாமல் போகட்டும் என்கிற பெருந்தன்மை! ஐரோப்பாவில் ஃபியட் கிரைஸ்லர் குழுமம் சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு டிஜிட்டல் கதவு போட்டு, பெயரைப் பதிவு செய், சந்தா கட்டு, பிறகு உள்ளே வா என்றது. ஜெர்மன் பழுதுபார்ப்பு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. சட்டத்தில் இல்லாத நிபந்தனையை வாசலில் வைக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபர் 5 அன்று சொல்லிவிட்டது.

திருடர்கள் கையில் கருவி போய்விடுமே என்று கம்பெனிகள் கண்ணைக் கசக்குவதுதான் எனக்கு அடக்க முடியாத கோபத்தைத் தருகிறது. சாவி இல்லாமல் கார் கிளப்பும் கருவி திருடர்களிடம் எப்போதோ போய்விட்டது. அது இல்லாமல் தவிப்பவர் காரின் சொந்தக்காரர் மட்டும்தான். கள்ளப் பெட்டிகள் சந்தையில் திரிகின்றன, அவை ஈசியூவைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். உண்மைதான், கெடுத்தும் இருக்கின்றன. நல்ல பெட்டியை நியாய விலைக்கு நீ விற்கமாட்டாய். அப்புறம் கள்ளப் பெட்டி விற்காமல் என்ன செய்யும்? பூட்டைப் போட்டவனே, சுவர் ஏறிக் குதிக்கிறார்களே என்று போலீசுக்குப் போகிறான்.

கருவி சொந்தக்காரர் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஸ்வீடனின் சாப் கார் கம்பெனி 2011 டிசம்பரில் திவாலானது. டீலர்கள் பயன்படுத்திய ‘டெக் 2’ என்ற கருவியைத் தேடி வாங்கிச் சொந்தக்காரர்கள் பழுதுபார்த்துப் பாதுகாக்கிறார்கள். கம்பெனி போய்ப் பத்தாண்டு தாண்டியும் அந்தக் கார்கள் தெருவில் ஓடுகின்றன. காரைக் காப்பாற்ற ஆயிரம் பக்கத்துக்கு வாரண்டி எழுதியவர்கள் யாரும் அங்கே வரவில்லை.

நம் ஊரில் மஞ்சள் விளக்கு எரிந்து சர்வீஸுக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். ஸ்கேனுக்குப் பணம் வாங்கினால், வந்த கோடு அத்தனையையும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும் வரை எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுத்தால், மறுத்ததையும் அதே கார்டில் எழுதி வாங்கிக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள்.