அடிவரியில் ஓடும் ஆறுதல்

பிளஸ் டூ மாநில முதலிட அறிவிப்பை 2017இல் அரசு நிறுத்திவிட்டது. அந்தச் சேதி நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. முட்டை விலைபோல மதிப்பெண்ணும் இங்கே ஊரறிய அறிவிக்க வேண்டிய சரக்கு.

அந்தச் சரக்குக்கு மறுபக்கமும் உண்டு. 2021 செப்டம்பர் 12, நீட் தேர்வு நாள். மேட்டூர் பக்கம் ஒரு மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இத்தகைய செய்தியைப் பெரிதாகப் போடாதீர்கள், திரும்பத் திரும்பக் காட்டாதீர்கள் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019லேயே சொல்லிவிட்டது. நம் சேனல்கள் கெட்டிக்காரர்கள். பத்திரிகைக்குச் சொன்னது தொலைக்காட்சிக்கு எப்படிப் பொருந்தும்? பெற்ற தாயின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, "இப்ப எப்படி உணர்றீங்கம்மா?" என்பார்கள். மனநல விழிப்புணர்வுக்கும் குறைவில்லை. தங்கம் விலைக்கும் மேட்டூர் அணை நீர்மட்டத்துக்கும் நடுவே உதவி எண் 104, 14416 என்று அடிவரியில் ஓடும். விவாதத்துக்கு நடுவே பயிற்சி மைய விளம்பரமும் வரும், அது முழுத்திரையில்.

யாருக்காக அந்த எண்? உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறை வாசலில் வரிசை. போன் கைக்கு வந்ததும், "நல்லாப் படிக்கிறியா சாமி?" என்பார் அப்பா. பக்கத்தில் வார்டன்.

"ம்."

அடுத்த பையன்.

மன உறுதிக்கு வருஷம் ஒருமுறை தன்னம்பிக்கைப் பேச்சாளரை வரவழைக்கிறார்கள். உதவி எண்ணையும் கொட்டை எழுத்தில் சுவரில் ஒட்டுகிறார்கள், 'கைபேசி வைத்திருந்தால் டி.சி.' என்ற அறிவிப்புக்குப் பக்கத்திலேயே.