தனித்துடுப்பியல்: முர்ரே ஆற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக் கட்டுரை வரையறையில் தொடங்க வேண்டும் என்பது மரபு. ஆகவே வரையறை: தனித்துடுப்பியல் என்பது, ஒருவர் கயாக்கில் ஏறி, மெதுவாக ஓடும் ஆற்றில் பல நாள் தாமே துடுப்புப் போட்டு, புறப்பட்ட இடத்தைவிடத் தாழ்வான ஓர் இடத்தைச் சென்றடைவது பற்றிய அறிவுத்துறை. ஒருவர் என்றால் ஒருவர்தான். நாயை ஏற்றிச் செல்பவரைத் தனியர் எனலாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நாய்த் தரப்பின் வாதத்தை யாரும் கேட்கவில்லை.

ஆய்வுக் களம், ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆறு. நீளம் சுமார் 2,500 கிலோமீட்டர். வேறு ஆறு கிடைக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு: இந்த ஆற்றுக்கு அவசரம் என்பதே கிடையாது. பிளான்ச்டவுன் என்ற ஊருக்குக் கீழே, முகத்துவாரம் வரை இன்னும் 274 கிலோமீட்டர் இருக்கிறது. ஆனால் அங்கேயே தண்ணீர் வழக்கமாகக் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லை. எதிர்காற்று வலுத்துவிட்டால் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே கருத்து வேறுபாட்டுக்கு உரியதாகிவிடும். ஆய்வாளனுக்கு வேறென்ன வேண்டும்? வேகமான ஆற்றில் அடிக்குறிப்பு எழுத நேரம் இருக்காது.

முன்னோடி ஆய்வுகளைச் சொல்லிக் கழிப்பது அடுத்த கடமை. சார்லஸ் ஸ்டர்ட் 1830இல் இந்த ஆற்றின் வழியே கடல்வாய் வரை போனார். ஆனால் அவர் போனது கயாக்கில் அல்ல, துடுப்புப் படகில். உடன் ஆட்கள் இருந்தார்கள். போதாக்குறைக்கு, வந்த வழியே நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுத் திரும்பியும் தொலைத்தார். மூன்று காரணங்களாலும் அவர் நம் ஆய்வு எல்லைக்குள் வரமாட்டார். நீக்கப்படுகிறார்.

இனித் திணைப் பாகுபாடு. உரிப்பொருள்: துடுப்பிடலும் துடுப்பிடல் நிமித்தமும். கருப்பொருள்: கொசு, காக்கட்டூ, சேறு. சிறுபொழுது: கொசு வராத பொழுது. தெய்வம்: சார்ஜ் தீராத கைபேசி.

மரம் பற்றி ஒரு வரி. கரையெங்கும் நிற்கும் ரெட் கம், தைல மர இனம். காற்றே இல்லாத நாளிலும் பெருங்கிளையை முன்னறிவிப்பின்றி முறித்துப் போடும் என்பதால் அதனடியில் கூடாரம் போடக் கூடாது, நிழலுக்கு மயங்கியவர்களின் கட்டுரைகள் கிடைக்கவில்லை.

எல்லை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வட கரை நியூ சவுத் வேல்ஸ், தென் கரை விக்டோரியா. நடு ஆற்றில் கோடு கிழித்துப் பாதி பாதியாகப் பிரித்திருப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் சட்டம் படிக்காதவர். எல்லை தென் கரையின் மேல் விளிம்பில் ஓடுகிறது. தண்ணீர் முழுவதும் நியூ சவுத் வேல்ஸ். 1980இல் உயர் நீதிமன்றம்வரை போய் உறுதியான விஷயம் இது. எனவே தென் கரையில் கயாக்கை ஒதுக்கி, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, "அப்பாடா, விக்டோரியா வந்துவிட்டோம்" என்பவர் இன்னும் விக்டோரியாவுக்கு வரவில்லை. கூடாரத்தையும் சட்டியையும் சுமந்து கரைமேல் ஏறினால்தான் வந்தவராவார். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தாலோ கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ள வேண்டும். கையில் ஆரஞ்சுப் பழம் இருக்கக் கூடாது. அங்கே பழத்தோட்டங்கள் அதிகம், பழ ஈக்குப் பயந்து போட்ட தடை. லாபமாகக் கிடைத்த அரை மணியில் மீதிப் பழத்தைத் தின்று தீர்க்கலாமா என்றால் முடியாது. அதை எல்லைக்கு முன்னாலேயே தின்றிருக்க வேண்டும், ஆனால் அரை மணியோ எல்லைக்கு அப்பால்தான் கிடைக்கிறது. இந்த முரணைத் தீர்க்க வந்த நூல் எதுவும் தீர்க்கவில்லை.

இப்போது கட்டுரையின் உயிர்நாடிக்கு வருகிறோம்: லாக்குகள். தடுப்பணையின் ஓரத்தில் இரண்டு கதவுகளுக்கு நடுவே தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் தொட்டிக்கு லாக் என்று பெயர். முர்ரேயில் இது ஏறக்குறைய 84 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம். அந்தக் காலத்து நீராவிப் படகுகளுக்காகக் கட்டியது. தனித்துடுப்பாளர் முன்கூட்டி போன் போட்டால், லாக் காவலர் ஐந்து மீட்டர்க் கயாக் ஒன்றுக்காக அத்தனை தண்ணீரையும் இறக்கி, கதவைத் திறந்துவிடுவார், காசு கிடையாது. கல்யாண மண்டபத்தில் ஒற்றை ஆளை உட்காரவைத்து முழுப் பந்தி பரிமாறுவதற்கு ஒப்பானது இது.

சிக்கல் தண்ணீரில் இல்லை, எண்ணில் இருக்கிறது. மேலிருந்து வருபவர் டொரம்பரியில் முதலில் சந்திப்பது லாக் 26. சந்தோஷமாக 25ஐ எதிர்பார்த்துத் துடுப்புப் போடுகிறார். சுமார் 530 கிலோமீட்டருக்கு ஒன்றும் வருவதில்லை. பிறகு யூஸ்டனில் வருவது லாக் 15. மீண்டும் 200 கிலோமீட்டருக்கு மேல் போய், மில்டுராவில் லாக் 11. அங்கிருந்து 10, 9, 8 என்று பிளான்ச்டவுனில் இருக்கும் 1 வரை ஒழுங்காக வருகின்றன. கிடைத்தவை 13, கிடைக்காதவை 13.

பாதிக்குப் பாதி கிடைக்காத இடத்தில் தமிழ் ஆய்வாளன் சும்மா இருக்க முடியுமா? மூன்று கட்சிகள் எழுந்தன. கடல்கோள் கட்சியார், 16 முதல் 25 வரையிலான பத்து லாக்குகளும் ஒரே ஊழிப் பெருவெள்ளத்தில் மறைந்தன என்பர். ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டு செயல்பட்டது, எத்தனை காவலர் இருந்தனர் என்பதுவரை அவர்களிடம் கணக்கு உண்டு. இருக்கிற லாக்குகளைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எவரும் எழுதியதில்லை. இடைச்செருகல் கட்சியார், 15ம் 26ம் பிற்காலத்தார் நுழைத்தவை என்பர். சான்று, நடை வேறுபாடு: டொரம்பரியின் பழைய அணையில் இரும்புச் சட்டங்களைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளில் ஏற்றிவைத்திருந்தார்கள், வெள்ளம் வந்தால் கரைக்கு இழுத்துவிடுவதற்காக. 'கரைக்கு இழுத்துச் செல்லத்தக்கது மூலபாடமாகாது' என்பது இவர்கள் வகுத்த சூத்திரம். பாடபேதக் கட்சியார், 26 என்பது 12 என்ற எண்ணை ஏடெழுதுவோர் பிழைபட எழுதியது என்பர். இதற்கு இடைச்செருகலார் எழுதிய மறுப்பு, அம்மறுப்புக்கு வந்த மறுப்புரை, அதன் இரண்டாம் பதிப்பில் முதல் பதிப்பை மறுத்து நூலாசிரியரே எழுதிய முன்னுரை, அம்முன்னுரை தம்முடையதல்ல என்று அவர் மூன்றாம் பதிப்பின் பின்னிணைப்பில், செல்லரித்ததுபோக எஞ்சிய ஓரக்குறிப்பில் தெரிவித்தது ஆகியவற்றை ஒப்புநோக்குக. இவர்களில் ஒருவரும் கயாக்கில் ஏறியதில்லை என்று குறை சொல்வது தகாது. நெய்தல் திணைக்கு நானூறு பக்கம் எழுதிவிட்டு, கடற்கரைக்குப் போனால் மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள் நம்மிடையே பேராசிரியர்களாக ஓய்வு பெற்றிருக்கிறார்கள்.

நான்காவதாக ஒரு விளக்கமும் உண்டு. 1915இல் நடுவண் அரசும் மூன்று மாநிலங்களும் சேர்ந்து ஆற்றைப் பங்கிட்டபோது, கடல்பக்கத்திலிருந்து எச்சூகா என்ற ஊர் வரை நீராவிப் படகு ஆண்டு முழுவதும் ஓட வேண்டும் என்று 26 லாக்குகளுக்குத் திட்டம் போட்டு, கட்டுவதற்கு முன்னாலேயே எண் கொடுத்துவிட்டார்கள். லாக் 1 திறந்தது 1922இல். அதற்குள் சரக்கெல்லாம் ரயிலுக்குப் போய்விட்டது. மீதி 13ஐக் கட்டவில்லை, எண்களையும் மாற்றவில்லை. அவ்வளவுதான். இந்த விளக்கத்தில் வடிவ அழகும் இல்லை, பட்டம் வாங்கத் தேவையான பக்கங்களும் இல்லை என்பதால் ஆய்வுலகம் இதைப் பொருட்படுத்தவில்லை.

உணவு, உடை, தனிமை, தோள்வலி ஆகியவை தனி இயல்களுக்கு உரியவை. அவற்றை எழுத எனக்கு நிதி ஒதுக்கப்படவில்லை. முகத்துவாரத்துக்கு முன் கூல்வாவில் 1940இல் முடிந்த கதவணை ஒன்று வழியை அடைத்து நிற்கிறது. அதற்கும் ஒரு லாக் உண்டு, 1 முதல் 26 வரையான வரிசையில் அது சேராது. புதிய கட்சி தொடங்க விரும்புவோர் இங்கிருந்து தொடங்கலாம்.

படித்துவிட்டு உண்மையிலேயே கிளம்பும் எண்ணம் வந்த வாசகருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: லாக்குக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்காதீர்கள். காவலரும் சாப்பிட வேண்டும், கதவு மூடியிருக்கும்.