ஐந்தாம் முகம் வேண்டி ஒரு விண்ணப்பம்

மகாமேன்மை பொருந்திய தலைமை அலுவலகத்து ஊழியர் மனமகிழ்ச்சிப் பிரிவின் பெரியோர்கள் சமூகத்துக்கு,

எப்போதும்வென்றானிலிருந்து கோவில்பட்டிக் கிளைக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோகும் நகைக்கடன் கவுண்டர் ஊழியன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் மூன்றாம் முகம். தாங்கள் ஐந்தாம் முகமாகத்தான் இருப்பீர்கள். சுற்றறிக்கையின் தலையிலேயே வரைந்து அனுப்பியிருக்கிறீர்களே.

மார்கழியில் எங்கள் கவுண்டரில் ஒரு கருவியைக் கொண்டுவந்து பதித்தீர்கள். வாடிக்கையாளர் தொட்டுக் காட்ட ஐந்து முகங்கள். சிவந்து அழுவது ஒன்று, உம்மென்றிருப்பது இரண்டு, திருதிருவென்று விழிப்பது மூன்று, அளவாகச் சிரிப்பது நாலு, பல் அத்தனையும் தெரிவது ஐந்து. ஆறுமுகன் என்று பேர் வாங்கிய சாமியே கழுகுமலையில் ஒற்றை முகத்தோடு நிற்கிற சீமையில், ஒரு நகைக்கடன் கவுண்டருக்கு ஐந்து முகம் அருளிய உங்கள் தயாளம் பெரிது.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு பெரியம்மா வந்தார். மகளுக்குப் பொங்கல்படி கொடுத்தாக வேண்டும். கம்மலைக் கழற்றி மருந்துச்சீட்டில் மடித்துக்கொண்டு வந்திருந்தார். காது தூர்ந்துவிடாமலிருக்க இரண்டு துளையிலும் வேப்பங்குச்சி. உரசிப் பார்த்து, எடை போட்டு, நான் ரசீது எழுதிக்கொண்டிருக்கையில், "யய்யா, கைநாட்டு இதுலதான வைக்கணும்?" என்றார். நிமிர்வதற்குள் பெருவிரலை மையில் ஒற்றி முதலாம் முகத்தின் மேல் அழுத்திவிட்டார். தடம் விழவில்லை என்று திரும்பவும் அழுத்தினார். மனுஷி விடவேயில்லை. ரேகை தெரிகிற வரைக்கும் அழுத்தினார்.

ஒரே பெருவிரல் எங்கள் கிளையை மாநிலத்தின் அழுமூஞ்சிக் கிளையாக்கிவிட்டது. விளக்கம் எழுதினேன். படித்ததாகத் தெரியவில்லை. பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, ஜனவரி 19 அன்று, புன்னகைப் பயிற்சியாளர் ஒருவரைக் காரில் அனுப்பிவைத்தீர்கள். எந்த ஊர் என்று கேட்டார். எப்போதும்வென்றான் என்றேன். "சூப்பர்! இந்த ஆட்டிட்யூட்தான் வேணும்!" என்று கைதட்டினார். ஊர் அது என்று விளக்குவதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ஜனவரியின் மூன்றாவது திங்கட்கிழமைதான் ஆண்டிலேயே சோகமான நாள், விஞ்ஞானம் சொல்கிறது என்றார். எந்த விஞ்ஞானம் என்று தேடிப் பார்த்தேன். 2005இல் பிரிட்டனில் ஸ்கை டிராவல் என்ற சுற்றுலா சேனலின் விளம்பர அறிக்கை அது. கிளிஃப் ஆர்னால் என்பவர் பெயரில் ஒரு சூத்திரம்: வானிலை, சம்பளம், கடன், கிறிஸ்துமஸ் கழிந்த நாள், புத்தாண்டுச் சபதம் முறிந்த நாள், எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி வகுத்திருக்கிறார். கடனைப் பனியோடு எந்தப் படியால் அளந்து கூட்டினார் என்பதைத்தான் காணோம். அவர் பகுதிநேரமாகப் பாடம் சொன்ன கார்டிஃப் பல்கலைக்கழகமே எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. டிக்கெட் விற்கிறவன் நாள் பார்த்துக் கொடுத்த சோகம் இது. பிற்பாடு ஐஸ்கிரீம் கம்பெனிக்காக அதே ஆர்னால் ஜூன் மாதத்தில் மகிழ்ச்சியான நாளும் குறித்துக் கொடுத்தார். ஜூனில், ஆனிக் காற்றில் கரிசல் புழுதி கண்ணில் அடிக்கும்போது எங்களுக்கு எந்த முகம் என்று அவர் கேட்டு எழுதியிருக்கலாம்.

தை மாதம் எங்களுக்குப் பனி விழுந்து, மழை ஓய்ந்து, உளுந்தும் பாசியும் வீடு வந்து சேர்கிற காலம். வானிலைக்குக் குறைச்சலில்லை. அந்தச் சூத்திரத்தில் எங்கள் சீமைக்கு அப்படியே பொருந்துவது கடன் ஒன்றுதான். அதைக் கொடுப்பது நாம்தான்.

அடுத்து பேனா. பல்லுக்கு நடுவே பேனாவைக் குறுக்கே கவ்விக்கொண்டால் முகத்தசை சிரிப்பு நிலைக்கு வந்து மனசும் தானே சிரிக்குமாம். ஷட்டர் திறந்து கிடக்கிறது. வட்டி கட்ட வந்தவர்கள் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் வரிசையாகப் பேனாவைக் கவ்வி நிற்கிறோம். யாரோ வீடியோ எடுத்துவிட்டார்கள். நான் ஊர் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அது டீக்கடைக்குப் போய்விட்டது. "என்ன மாப்ளே, நகைய கவ்விட்டு இப்ப பேனாவையும் கவ்வ ஆரம்பிச்சிட்டீகளா?" என்றார்கள்.

அந்தப் பேனாவும் சும்மா வரவில்லை. 1988இல் ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனை. பேனாவைப் பல்லில் கவ்வியவர்களுக்குக் கேலிச்சித்திரம் கூடுதல் சிரிப்பாகத் தெரிந்தது என்றார்கள். 2016இல் 17 ஆய்வுக்குழுக்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தன. பேனா நனைந்ததுதான் மிச்சம்.

போகும்போது பயிற்சியாளர் எல்லோருக்கும் 21 கட்டம் போட்ட அட்டை கொடுத்தார். 21 நாள் சிரித்தால் பழக்கமாகிவிடுமாம். இந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து. முகத்தை மாற்றிக்கொண்டவர்களுக்குப் புது முகம் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். 'குறைந்தது' என்பதை மற்றவர்கள் தின்றுவிட்டார்கள். அவர் நிஜமாகவே கத்தி வைத்து முகம் மாற்றினார் ஐயா. நீங்கள் அட்டை கொடுக்கிறீர்கள்.

உங்கள் ஐந்தாம் முகத்தின் பூர்வீகத்தையும் விசாரித்தேன். 1963இல் அமெரிக்காவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி இன்னொன்றோடு இணைந்தபோது ஊழியர்கள் சோர்ந்துபோனார்களாம். சம்பளம் கூட்டினார்களோ என்னவோ, ஹார்வி பால் என்ற ஓவியரைக் கூப்பிட்டு ஒரு மஞ்சள் முகம் வரையச் சொன்னார்கள். கூலி 45 டாலர். சிக்கனத்தில் தாங்கள் நல்ல பரம்பரை.

ஒன்று கேட்கிறேன். புரட்டாசியில் விதைக்கு வைத்த நகை. மக்காச்சோளத்தில் படைப்புழு தின்றது போக, காட்டுப்பன்றி சாய்த்தது போக மிஞ்சியதை விற்று மாசியில் மீட்க வருகிறார்கள். முடியாதவர்களுக்கு ஏல நோட்டீஸ் நான்தான் ஒட்டி அனுப்புகிறேன். கழுத்தில் மஞ்சள் கயிறைக் கட்டிக்கொண்டு தாலிச்செயினைத் தராசில் வைக்கிறவளுக்கு நேரே பல்லைக் காட்டச் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டுப் பெண் அந்தப் பக்கம் நின்றால் சொல்வீர்களா? மாட்டுப்பொங்கலுக்கு ஒரு நாள் லீவு கேட்டதற்கு முடியாது என்று எழுதிவிட்டு, மூன்றாம் நாள் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று ஆராய ஆள் அனுப்ப வெட்கமாக இல்லை?

பொறுத்தருள வேண்டும். முகம் ஒன்றுக்கு இறங்கிவிட்டது. பேனாவைக் கவ்விக்கொண்டேன், இதோ நாலு.

கழுகுமலையாருக்கு முகம் ஒன்றானாலும் கை ஆறு. கவுண்டரில் எங்களுக்குக் குறைவதும் கைதான். உரசுவது, எடை போடுவது, ரசீது, பெட்டகம், நோட்டீஸ் எல்லாம் ஒரே ஆள். மாசிக் கூட்டத்துக்கு முன்னால் இன்னொருவரைப் போடும்படி ஏற்கெனவே முறையாக எழுதிக் கேட்டிருந்தேன். தங்களிடமிருந்து வந்த பதிலில் எழுத்து ஒன்றும் இல்லை. ஒரு ஐந்தாம் முகம் மட்டும் இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் கருணையை எதிர்நோக்கும்,
நாலாம் முகத்து ஊழியன்,
எப்போதும்வென்றான் (ஊர்தான், ஐயா).