குடைவரையர்

காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்க வருவோர் ஒரு வகை. காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்து, கோயில் பார்ப்பதற்கென்று ஞாயிறுதோறும் ஊரைவிட்டு வெளியேறுவோர் இன்னொரு வகை. இரண்டாம் வகையினருக்கு இதுவரை முறையான பெயர் எதுவும் அமையாமையால், அவர்களைக் குடைவரையர் என்று வழங்கலாம். குடைவரை என்பது கல்லை அடுக்கிக் கட்டாமல், மலைச்சரிவிலோ தனிப்பாறையிலோ உளிகொண்டு உள்நோக்கிக் குடைந்தெடுத்த கோயில். குடைவரையர் என்பவர் அதே முறையில் எதிரில் அகப்பட்டவரின் பொறுமையைக் குடைபவர்.

இவர் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டிலோ முப்பது ஆண்டுகளைக் கழித்து, ஓய்வூதியமும் முழங்கால் வலியும் ஒரே மாதத்தில் கிடைக்கப்பெற்றவராக இருப்பார். கட்டடங்களின்மீது ஏற்படும் அலட்சியமே இந்நிலையின் முதல் அறிகுறி. கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் இராயகோபுரத்தை அவர் புதுக் கட்டடங்களின் கணக்கில் சேர்த்துவிட்டார். பல்லவ மன்னன் இராசசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லால் எடுத்த கைலாசநாதர் கோயிலுக்கு மட்டும், அங்கே பல்லவர் கால ஓவியங்கள் இருப்பதை 1931இல் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் கண்டறிந்தார் என்பதற்காக, ஓரளவு சலுகை உண்டு. மற்றபடி அவருடைய உலகம் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் உளியைக் கீழே வைத்ததோடு முடிந்துவிடுகிறது.

மகேந்திரன் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் ஒரு குடைவரை எடுத்து, அதில் வடமொழிக் கல்வெட்டு ஒன்றும் பொறித்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச் சாந்து இல்லாமல் இக்கோயிலை விசித்திரசித்தன் ஆக்கினான் என்பது அதன் செய்தி. விசித்திரசித்தன் என்பது அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டப்பெயர்களுள் ஒன்று. இந்த நான்கு இல்லாமைகளையும் திருமண வரவேற்பிலும் ரேஷன் கடை வரிசையிலும் விரல்விட்டு எண்ணிச் சொல்லும் குடைவரையர், அக்கோயிலைக் காணப் புறப்படும்போது எஃகு அளவுநாடா, பித்தளைக் கூஜா, இரும்புப் பூண் போட்ட கைத்தடி, நான்கு அடுக்கு எவர்சில்வர் தூக்கு ஆகியவற்றுடன்தான் புறப்படுவார். தூக்கின் அடியடுக்கில் மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லி இருக்கும். இப்பயணங்களில் உடன் வருவோரின் எண்ணிக்கைக்குப் பல்லவ வரலாற்றைவிட அந்த அடுக்கே பெரிதும் காரணம்.

வாரந்தோறும் மண்டகப்பட்டு வரை போக இயலாதாகையால், நடைமுறையில் அவருடைய திருத்தலம் மாமண்டூர். காஞ்சியிலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், பாலாற்றைக் கடந்து சிறிது தொலைவில், சித்திரமேகத் தடாகம் எனப் பழம்பெயர் கொண்ட பேரேரியை ஒட்டிய குன்றில் நான்கு குடைவரைகள் உள்ளன. பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, கரைக்குக் கரை காய்ந்து கிடக்கும் மணலைக் காட்டி, "இதுதான் சார் நம்ம பாலைவனம்" என்று அறிவிப்பது ஒரு சடங்கு. ஜோர்தான் நாட்டுப் பெத்ராவில் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள சீக் என்னும் மலையிடுக்கின் வழியே நடந்து நபதேயர் குடைந்த மாளிகை முகப்பைக் காண்பவர்களைப் பற்றி அவர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். பாதை கடினமாக இருந்தால்தான் குடைவரைக்கு மதிப்பு என்ற கோட்பாடு அன்று உருவானது. ஆகவே குன்றுக்கு வண்டி செல்லும் வழி இருந்தாலும் அதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. வேலிக்காத்தான் முட்புதர்களுக்கு நடுவே, அக்கினி நட்சத்திர வெயிலில், ஆடுகளும் தவிர்க்கும் தடமொன்றில் அவர் தம் குழுவை அழைத்துச் செல்வார். முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் திரிந்தால் பாலையாகும் என்பது தமிழ்த் திணைமரபு. வேட்டி சட்டையில் புறப்பட்ட குழுவும் அன்று அவ்வாறே திரிந்து, முள் கிழித்த கரையும் வியர்வையுமாய்க் குன்றடி சேரும்.

குடைவரையின் வாயிலில் அவர் செருப்பைக் கழற்றிவிடுவார். இது வரலாற்றுச் சின்னம், வழிபாட்டிடமாகக் கருதக் கூடாது என்று வழிநெடுக வாதிட்டவர் இவரே. நண்பகல் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருப்பதால், இரு பாதங்களையும் மாற்றி மாற்றி உயர்த்தியபடியே அவர் தம் விளக்கவுரையைத் தொடங்க நேரும். தூணின் அடியும் முடியும் சதுரம். இடைப்பகுதி எட்டுப்பட்டை, அதற்குக் கட்டு என்று பெயர். மேலே உத்தரத்தைத் தாங்குவதுபோல் அமைந்த உறுப்பு போதிகை. தாங்குவதுபோல் என்பதே உண்மை, ஏனெனில் மலையே கூரையாக நிற்கும் இடத்தில் தூணுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டாலும் விறைப்பாக நிற்கும் இத்தூண்கள்மீது ஓய்வுபெற்றவர் ஒருவர் கொள்ளும் பாசம் ஆராயத்தக்கது.

உடன் வரும் இல்லத்தரசியின் ஐயம் வேறு. கருவறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல சாமி எங்க?" என்பார். பல குடைவரைகளில் இன்று மூலவர் இல்லை. சிலவற்றில் சுதையிலோ ஓவியத்திலோ இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் ஊகிக்கின்றனர். குடைவரையர் இந்த ஊகத்தை அரை மணி நேரம் விரித்துரைப்பார். தெருவுக்கொரு மூலவர் இருக்கும் ஊரிலிருந்து சாமி இல்லாத கோயிலுக்கு வந்து சேர்ந்த அம்மையார், கொண்டுவந்த கற்பூரத்தை மீண்டும் முந்தானையில் முடிந்துகொள்வார்.

அடுத்தது கல்வெட்டு வாசிப்பு. டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும் என்ற உத்தி அறிவியலுக்கு ஒத்ததே. ஆனால் அவர் எங்கே சாய்த்தாலும் விசித்திரசித்தன் என்றே தெரிவதுதான் சிக்கல். பக்கத்துப் பாறையில் அண்மைக்காலக் காதலர் இருவர் இதயப் படத்துக்குள் பெயர் கீறியிருப்பதைக் கண்டு அவர் கொதிப்பார். குணபரன், சத்துருமல்லன், அவனிபாஜனன், மத்தவிலாசன் என்று தன் பெயர்களையே ஊரூராகப் பொறித்துவைத்த மன்னன் மகேந்திரனுக்கும் இப்பழக்கம் கொஞ்சம் இருந்தது என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லும் துணிவு குழுவில் எவருக்கும் வந்ததில்லை. மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகமும் அம்மன்னன் எழுதியதே. காஞ்சித் தெருவில் குடிபோதையிலிருக்கும் காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவியோடு மல்லுக்கு நிற்க, அது நாயின் வாயிலிருந்து பைத்தியக்காரன் ஒருவன் கைக்குப் போயிருந்தது தெரியவரும் கதை. குடைவரையர் இதை மும்முறை படித்திருக்கிறார், ஒருமுறையும் சிரித்ததில்லை. சிரிப்பு வரும் இடங்களில் அடிக்குறிப்புப் பார்க்கவே நேரம் போதவில்லை.

குழுவில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் எப்போதேனும் சேர்வதுண்டு. குழித்தறியில், அதாவது கால்மிதிகளுக்காகத் தரையில் வெட்டிய பள்ளத்துக்குள் காலை விட்டு அமர்ந்து, வாரம் முழுவதும் நெய்பவர் அவர். வாரத்தில் ஒருநாள் வெளியே அழைத்துவந்து இன்னொரு குழியைக் காட்டுகிறார்களே என்ற வியப்பு முதலில் முகத்தில் தெரியும். பிறகு அவர் தூணும் கூரையும் சேரும் இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை: உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் தனித்தனி நாடாவோட்டி நெய்து, இரண்டையும் பிரியாதபடி பிணைப்பது. "இதுல கோர்வையே இல்லீங்களே" என்பார் அவர். ஊடை தவறினால் பிரித்து மறுபடி ஓட்டலாம், கல்லில் உளி தவறினால் என்ன செய்தார்கள் என்றும் கேட்பார். மாமண்டூரில் வேலை முடியாமல் நின்றுபோன பகுதிகளும் உண்டு. குடைவரையர் அன்றைக்குப் பேசியவற்றையெல்லாம் சேர்த்தாலும் நெசவாளரின் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு ஈடாகாது. அவர் அப்போது தூணின் சுற்றளவை எடுத்துக்கொண்டிருப்பதால் இவை அவர் காதில் விழுவதில்லை.

இவ்வளவையும் குன்றின் நிழலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர் ஆடு மேய்க்கும் பெரியவர். மழைக்கு எந்தக் குகை ஒழுகாது, எந்த மூலையில் தேனடை இருக்கிறது என்பதெல்லாம் அவர் அறிவார். ஒரு கட்டத்தில் எழுந்து வந்து, மிகுந்த பணிவோடு, "ஏன் சார், போன வாரமும் இதே தூணைத்தான அளந்தீங்க? நீளம் எதுனா மாறிப்போச்சா?" என்று கேட்பார். குடைவரையர் விடை கூறாமல், நாடாவின் மறுமுனையை அவர் கையிலேயே கொடுத்துச் சற்றுத் தூக்கிப் பிடிக்கச் சொல்வார்.